பிரசவ அறையில் துணைக்கு நிற்க விடுகிறார்களா? ஓர் அரசு மருத்துவமனை பற்றி என் மதிப்பீடு

என் அண்ணன் மகளுக்கு எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதல் பிரசவம் நடந்தது. தாயும் குழந்தையும் நலமாக இருக்கிறார்கள். நான் இதே துறையில் செவிலியராகச் சேர்ந்து, வார்டு இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகவே கட்டடம், கழிப்பறை, சாப்பாடு பற்றி இங்கே சில வரிகள்தான் வரும். நான் கவனித்துப் பார்த்தது வேறு ஒன்றை. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்குத் துணையாக உறவுக்காரப் பெண் ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது அங்கே உண்மையில் நடக்கிறதா?

காலையில் நடக்கிறது, இரவில் நடப்பதில்லை. அதே அறைதான், அதே அறிவிப்புப் பலகைதான், அதே டீன்தான். பலகையில் இருப்பது பகலில் செல்லுபடியாகிறது, விளக்கு போட்ட பிறகு செல்லுபடியாவதில்லை. இதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டு போனால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உதவும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு புதியது இல்லை. தமிழ்நாடு அரசு 2004-ஆம் ஆண்டிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகமும் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்கச் சொன்னது. துணைக்கு வருபவர் தானும் பிள்ளை பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை அணிய வேண்டும், பிரசவம் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும், ஊழியர்களின் வேலையில் தலையிடக்கூடாது, பக்கத்துப் பிரசவ மேசையில் இருக்கும் பெண்ணைக் கவனிக்கப் போகக்கூடாது. இவைதான் நிபந்தனைகள். மறைவு வசதி இருக்கும் இடத்தில் கணவரும் வரலாம். 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் பிரசவ அறைகளுக்கு மதிப்பெண் போட்டுச் சான்றிதழ் தருகிறது. அதிலும் இது இடம்பெறுகிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து ஒருவர் உடனிருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, அறுவைச் சிகிச்சை குறைகிறது, வலி நேரம் சுருங்குகிறது என்பது அதில் தெரிந்தது. மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு ஸ்டூலும் ஓர் ஆளும் போதும். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரசவ அறை வாசலில் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. சேர்க்கையில் எந்தத் தாமதமும் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண்ணைப் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் எடுத்தார்கள், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள், கேஸ் ஷீட் எழுதினார்கள். எல்லாம் கச்சிதமாக நடந்தது. பிறகு பெண்ணை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். அண்ணியும் கூடவே போக முயன்றார். காவலாளி கையை நீட்டித் தடுத்து, "உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை, வராந்தாவில் உட்காருங்கள்" என்றார். பெண் உறவினர் ஒருவர் உடன் இருக்கலாம் என்ற பலகை அவர் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதைக் காட்டினார். "அது காலையில் அம்மா" என்று அவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பார்த்ததைத்தான் சொன்னார்.

நான் டியூட்டி செவிலியரைக் கூப்பிட்டு, நானும் துறையில் இருந்தவள் என்றேன். "அப்படியா அக்கா, முன்பே சொல்லக்கூடாதா? வாருங்கள், வாருங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டார். இந்த மருத்துவமனை மேல் எனக்குள்ள முதல் குறை இதுதான். அரசாங்க உத்தரவுக்குத் திறக்காத கதவு அறிமுகத்துக்குத் திறந்தது. பெற்ற தாய் வெளியே தரையில் உட்கார்ந்திருக்க, அத்தைக்காரி நான் உள்ளே போனேன்.

உள்ளே நான் கண்டதைச் சொல்கிறேன். மேசைகளுக்கு நடுவே பச்சைத் திரைகள் இருந்தன. ஆனால் எல்லாவற்றையும் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். வலியில் இருந்த பெண்கள் எல்லாரும் தனியாகத்தான் கிடந்தார்கள். மலைப்பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி கட்டில் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தால் விதி மீறல். அவளுக்கென்று வந்த ஆள் வெளியே வராந்தாவில் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் வலி தாங்காமல் அலறியபோது, பணியாளர் ஒருவர் பிரசவ அறைகளில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் அந்த வசையைச் சொன்னார். பெண்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும், இங்கே எழுத மாட்டேன். நான் உட்கார்ந்திருந்த மேசைப் பக்கம் வந்தபோது அதே பணியாளர் என் மருமகளிடம் "கண்ணு, மூச்சை இழுத்துவிடு" என்றார். துணைக்கு ஓர் ஆள் இருப்பதன் பலனை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இரவு ஷிப்ட் செவிலியர்கள் கெட்டவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வார்டில் இருந்த நாட்களில், அந்த இரவு கதவைச் சாத்திய அதே செவிலியர் பகல் ஷிப்டுக்கு வந்ததைப் பார்த்தேன். பகலில் அவரே வாசலுக்கு வந்து, "இன்னாருக்குத் துணை யார்?" என்று கேட்டுக் கூப்பிட்டு, கவுன் கொடுத்து உள்ளே அனுப்பினார். ஆள் ஒருவர்தான். ஷிப்ட் மாறினால் வழக்கம் மாறுகிறது. அரசு மருத்துவமனையில் எந்த மாற்றம் நிற்கும், எது நிற்காது என்பதை அந்தந்த நேரத்து வழக்கம்தான் முடிவு செய்கிறது. சுற்றறிக்கையால் அதைத் தொட முடிவதில்லை.

அந்த வழக்கத்தை உண்டாக்குவது என்ன? முதலில் அலமாரிச் சாவி. துணைக்கு வருபவர் அணியும் கவுன்கள் இன்சார்ஜின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நாங்கள் பணியில் இருந்த காலம் முழுவதும் கந்தல் துணியைக்கூட எண்ணி வைத்து, கழிவு என்று தணிக்கை எழுதும்வரை பாதுகாத்தவர்கள். அந்தப் பயம் செவிலியர் பயிற்சியோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே பகல் வேலை முடிந்ததும் அலமாரி பூட்டப்படுகிறது. அதன்பின் யார் கேட்டாலும் "கவுன் இல்லை" என்ற பதில் தயாராக இருக்கிறது. சாதாரணச் சுத்தமான உடை போதும் என்று விதியே சொல்கிறது. அதை எடுத்துச் சொல்ல இரவில் ஆள் இல்லை.

அடுத்தது பயம். இந்த மாநிலம் தாய் இறப்பைக் கணக்கெடுப்பதில் மிகக் கண்டிப்பானது. ஒரு பெண் பிரசவத்தில் இறந்தால் கேஸ் ஷீட்டின் ஒவ்வொரு வரியையும் மேலிடம் கேள்வி கேட்கும். அந்தக் கண்டிப்பு பலன் தந்திருக்கிறது. 2018-20 கணக்குப்படி இந்தியாவில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. அதற்காக நான் இன்றும் பெருமைப்படுகிறேன். ஆனால் கேள்வி வரும் என்ற எண்ணத்திலேயே வேலை செய்யும் ஊழியருக்கு, உள்ளே வரும் உறவினர் சாட்சியாகத் தெரிகிறார். கையில் கைபேசி இருந்தால் இன்னும் மோசம். இரவில் இரண்டு செவிலியர்கள் எல்லா மேசைகளையும் பார்க்க வேண்டும். திரையை இறக்கிவிட்டால் கடைசி மேசை கண்ணில் படாது. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பில்தான் திரைகளைச் சுருட்டிக் கட்டுகிறார்கள். மறைவு இல்லாததால் பக்கத்து மேசைக்காரரின் உறவினரை உள்ளே விட முடியவில்லை. நியாயமான கவலை ஒன்று நியாயமில்லாத வழக்கமாக இறுகிவிட்டது.

மூன்றாவதை வெளிப்படையாகச் சொல்கிறவர்கள் குறைவு. வாசலில் குழந்தையைக் காட்டிக் காசு வாங்குவது. ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதில் குறைவு. துணைக்கு இருப்பவரே உள்ளே குழந்தையைப் பார்த்துவிட்டால், வெளியே வந்து அவரே சொல்லிவிடுவார். அப்புறம் யார் காசு கொடுப்பார்கள்? இரவில் துணையை உள்ளே விடாததில் இந்தக் கணக்கும் இருக்கிறது. இந்தப் பணியாளர்களில் பலர் ஒப்பந்த நிறுவனம் வழியாக வருகிறவர்கள், சம்பளம் குறைவு. அது எனக்குத் தெரியும். அதற்காகப் பிள்ளை பெற்றவளின் வீட்டாரிடம் பறிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

விடிந்து காலை ஷிப்ட் வந்தது. இன்சார்ஜ் செவிலியர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். வந்ததும் திரைகளை அவிழ்த்துவிட்டார். கிடங்கில் அடுக்கியிருந்த ஸ்டூல்களை எடுத்து மேசைக்கு ஒன்றாகப் போடச் சொன்னார். என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். சொன்னேன். "நீங்கள் ஸ்டாஃபாக இருந்திருக்கலாம் அக்கா, இவளுக்கு இப்போது அம்மா வேண்டும்" என்று சொல்லி, வராந்தாவில் இருந்த அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை வந்தது. எனக்கு விலக்கு கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளாமல், எல்லாருக்கும் பொதுவான விதியை எனக்கும் பொருத்தினார்.

அண்ணியிடம் அவர் பேசியதை வாசலில் நின்று கேட்டேன். "பனிக்குடம் உடைந்தால் கூப்பிடுங்கள். ரத்தம் போவது தெரிந்தால் கூப்பிடுங்கள். முக்க வேண்டும் போல இருக்கிறது என்று அவள் சொன்னால் உடனே கூப்பிடுங்கள். மற்ற நேரத்தில் இடுப்பைத் தேய்த்துவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள், நடக்க விடுங்கள். கைபேசி வெளியே இருக்கட்டும்." அவ்வளவுதான். திரை இறங்கியிருந்தாலும் ஒவ்வொரு மேசைப் பக்கத்திலும் இப்போது ஒரு கண் இருந்தது. இரவில் கவலைக்குக் காரணமாக இருந்தது காலையில் உதவியாக மாறிவிட்டது. உறவினர்கள் சத்தம் போடுவார்கள், தொந்தரவு கொடுப்பார்கள் என்று பயப்படும் செவிலியர்களுக்கு, துணை இருந்தால் தங்கள் வேலை குறையும் என்பதை அவர் செய்தே காட்டியிருக்கிறார். அறிவுரை சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முற்பகலில் குழந்தை பிறந்தது. அண்ணிதான் முதலில் பார்த்தார். குழந்தையைத் தாயின் மார்பில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வைத்தார்கள். பெண் குழந்தை என்று அண்ணி வெளியே வந்து சொன்னார். யாரும் கை நீட்டவில்லை.

இந்த மருத்துவமனை முன்பு மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்தது. பிறகு கல்லூரி மருத்துவமனையானது. தமிழ்நாட்டில் இப்படி உயர்ந்தவை பல. 2022 ஜனவரியில் மட்டும் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. வெளியே இருப்பவர்களுக்குப் பலகை மாறியது மட்டும் தெரியும். உள்ளே நடப்பது வேறு. மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழ் இருந்த மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் போகிறது. பேராசிரியர்கள் வருகிறார்கள், யூனிட் பிரிக்கிறார்கள், பயிற்சி மருத்துவர்கள் நிறைகிறார்கள். நேற்றுவரை ஒரே மருத்துவரிடம் நேரடியாகப் பேசிய செவிலியர், இன்று பயிற்சி மருத்துவர், உதவிப் பேராசிரியர், சீஃப் என்று படியேற வேண்டியிருக்கிறது. பழைய இடத்தில் நடந்த நல்ல வழக்கங்கள் பல இந்தக் கைமாற்றத்தில் தொலைகின்றன. எங்கள் மருத்துவமனையில் துணை ஏற்பாடு தப்பியதற்குக் காரணம், பழைய வார்டிலிருந்த இன்சார்ஜ் இங்கேயும் தொடர்ந்ததுதான். அவர் மாறுதலாகிப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மாற்றமே வராத துறை இது என்று நினைத்துவிடக்கூடாது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மருந்து வாங்குவதையும் கிடங்கில் வைத்து ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் ஒதுக்கீட்டைக் குறிக்கும் பாஸ் புத்தகம் போட்டு வழங்குவதையும் ஒழுங்குபடுத்தினார்கள். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு அது நிலைத்தது. மருந்து விஷயத்தில் அதைச் சென்னையிலிருந்தே செய்ய முடிந்தது. பிரசவ மேசைப் பக்கம் யார் நிற்கலாம் என்பதில் அது முடியாது. அங்கே ஒவ்வொருவரும் தன் கையில் இருக்கும் ஒரு சிறு அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கதவு காவலாளியின் அதிகாரம், அலமாரி இன்சார்ஜின் அதிகாரம், யாரை எப்படித் திட்டலாம் என்பதுகூட ஒருவிதத்தில் அதிகாரம்தான்.

உத்தரப் பிரதேசத்தில் 120 அரசுச் சுகாதார நிலையங்களில், உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2017-இல் முடிவு வெளியானது. பயிற்றுநர்கள் நேரில் வந்து செவிலியர்களோடு நின்று ஊக்கப்படுத்திய இடங்களில், செய்ய வேண்டிய செயல்களில் ஏறத்தாழ 73 சதவீதம் நடந்தது. மற்ற இடங்களில் 42 சதவீதம்தான். பயிற்றுநர்கள் போன சில மாதங்களில் அந்த 73, 62-ஆக இறங்கிவிட்டது. தாய், சேய் இறப்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. வெளியிலிருந்து ஆள் வந்து நிற்கும்வரை ஒரு வழக்கம், போனபின் வேறு வழக்கம். எங்கள் வார்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் 'லக்ஷ்யா' சான்றிதழைப் பார்த்தபோது எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வந்தன. சான்றிதழ்க் குழு பகலில்தான் வருகிறது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதற்கும் பைசா செலவில்லை. குழந்தைக்கு பி.சி.ஜி., போலியோ, மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகளைக் கேட்காமலே போட்டார்கள். வீட்டுக்குப் போக 102 வண்டி வந்தது. கழிப்பறை காலையில் சுத்தம், மாலையில் பரவாயில்லை, இரவில் போக முடியாது. சாப்பாடு போதும். வராந்தாவில் உறவினர்கள் உட்கார இடமே இல்லை. பேறுகாலப் பெண்ணின் தாய் சிமெண்டுத் தரையில் இரவைக் கழிப்பது பெரிய அவலம். செவிலியர்களில் பலர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். நிரந்தரம் எப்போது என்று தெரியாமல் ஓடி ஓடி வேலை செய்கிறவர்களிடம் பொறுமையும் கேட்கிறோம். அரசாங்கம் இதை மறக்கக்கூடாது.

உங்கள் வீட்டுப் பெண்ணை அங்கே அனுப்பலாமா என்று கேட்டால், தயங்காமல் அனுப்புங்கள் என்பேன். ஆபத்து என்று வந்தால் ரத்தம், அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த மாவட்டத்தில் வேறெங்கும் இத்தனையும் ஒன்றாகக் கிடைக்காது. ஆனால் தயாராகப் போங்கள். துணைக்கு யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பிள்ளை பெற்றவராக, சளி காய்ச்சல் இல்லாதவராக இருக்கட்டும். துவைத்து உலர்த்திய பருத்தி நைட்டி ஒன்றைத் தனிப் பையில் கொண்டுபோனால் கவுன் இல்லை என்ற பதிலுக்கு இடம் இருக்காது. சேர்க்கும்போதே துணையின் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பெயரை இரவு ஷிப்ட் எளிதில் தள்ள முடியாது. கைபேசியை வெளியே கொடுத்துவிட்டுப் போங்கள், அதை முதலிலேயே வாசலில் சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் அதிலேயே தீரும். அப்படியும் மறுத்தால் டியூட்டி மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் 104-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

நான் டீனுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். கவுன் அலமாரிக்கு இரண்டாவது சாவி செய்து இரவு ஷிப்டிடம் கொடுக்க வேண்டும், துணைக்கான கவுன் கிழிந்தாலோ தொலைந்தாலோ இன்சார்ஜிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று எழுதினேன். ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் பதிவேட்டில், ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் துணையின் பெயரை எழுத ஒரு கட்டம் சேர்க்கவும் கேட்டிருக்கிறேன். இவற்றில் எதற்கும் சென்னையிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை. கடிதத்தைத் தருவதற்கு முன் இன்சார்ஜிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, மலைக்கிராமத்துப் பெண்களுக்கு அவர்கள் ஊரிலிருந்து வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரையும் துணையாக ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்துக் கொடுத்தேன். பதில் கிடைத்ததும் இந்த மதிப்பீட்டின் கீழேயே எழுதுகிறேன்.